‘ஹவுஸ்’ என்று வந்தால் அவசரப்படாதீர்கள்

மொழிபெயர்ப்பைத் திருத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது: கடினமான சொல் இருக்கும் வாக்கியத்தில் பிழை குறைவாகத்தான் இருக்கும். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டிவிடுகிறோம். ‘ஹவுஸ்’, ‘ஹோம்’, ‘டோர்’, ‘வால்’, ‘ரூஃப்’ எல்லாம் எல்கேஜியில் படித்தவை. அதற்குப் போய் யார் அகராதி பார்ப்பது? செய்தி, சப்டைட்டில், அலுவலகக் கடிதம், நீதிமன்ற ஆவணம் என்று எங்கே பார்த்தாலும் வாசகரைத் திகைக்க வைக்கும் சறுக்கல்களில் பாதி இந்த வீட்டுச் சொற்களில்தான் நடக்கின்றன.

முதலில் ‘ஹவுஸ்’. மரபுத்தொடருக்குள் இது வரும்போது பெரும்பாலும் குடியிருக்கும் வீட்டைக் குறிப்பதில்லை. இங்கே ‘ஹவுஸ்’ என்பது யார் என்று கேட்டுக்கொண்டால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உணவகம், மதுக்கூடம், சூதாட்ட விடுதி என்றால் ‘ஹவுஸ்’ அந்த இடத்தின் முதலாளி. ‘தி டெசர்ட் இஸ் ஆன் தி ஹவுஸ்’ என்றால் இனிப்புக்குக் காசு வேண்டாம், கடைக் கணக்கு. சப்டைட்டிலில் ‘இதுக்குக் காசு வேணாம் சார்’ என்று போட்டால் முடிந்தது. ‘வீட்டின் சார்பாக’ என்று எழுத வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள். சொன்ன பொருளுக்கு மட்டும்தான் இது பொருந்தும்; மொத்த பில்லையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று கதையை நகர்த்திவிடக் கூடாது. ‘தி ஹவுஸ் ஆல்வேஸ் வின்ஸ்’ என்பதும் இதே குடும்பம்: ஆடுகிறவர் யாராக இருந்தாலும் கடைசியில் சூதாட்ட விடுதிக்குத்தான் லாபம்.

மேடை, திரையரங்கு என்றால் ‘ஹவுஸ்’ பார்வையாளர் கூட்டம். இது நமக்குப் புதிதே இல்லை. தியேட்டர் வாசலில் தொங்கும் ‘ஹவுஸ்ஃபுல்’ பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? ஆனாலும் ‘ஹர் சாங் பிராட் தி ஹவுஸ் டவுன்’ என்ற வாக்கியம் வந்ததும் அந்தப் பலகை மறந்துபோய், பாட்டுப் பாடி வீட்டை இடித்தவள் ஆகிவிடுகிறாள் பாடகி. ‘அரங்கமே அதிர்ந்தது’, ‘கைதட்டல் அடங்கவே இல்லை’ என்று நம்மிடமே தயாராக இருக்கிறது.

சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால் ‘ஹவுஸ்’ அவை. அந்தச் சொல்லில் யாரும் தடுக்கி விழுவதில்லை. அவைக்குள் கிடக்கும் மேஜையில்தான் விழுகிறார்கள். ‘டேபிள்’ என்ற வினைக்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் இந்திய ஆங்கிலத்திலும் அவையின் முன் வைப்பது, விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள். அமெரிக்க ஆங்கிலத்தில் நேர் எதிர்: ஒதுக்கிவைப்பது, கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாக ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றார்கள். கூடவே கூடாது என்றார்கள் அமெரிக்கர்கள். நீண்ட நேரம் காரசாரமாக வாதிட்ட பிறகுதான், இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று தெரியவந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். வாஷிங்டன் செய்தியில் ஒரு மசோதா ‘டேபிள்ட்’ என்று வந்தால் ‘தாக்கல் செய்யப்பட்டது’ என்று எழுதாதீர்கள். அங்கே அந்த மசோதாவின் கதை அநேகமாக முடிந்துவிட்டது என்று அர்த்தம். டெல்லிச் செய்தி என்றால் ‘அவையில் வைக்கப்பட்டது’ சரி.

நிறுவனம் என்றால் ‘ஹவுஸ்’ அந்த நிறுவனமே. ‘இன்-ஹவுஸ் லாயர்’ வீட்டுக்கு வந்து போகும் வக்கீல் அல்ல, கம்பெனியிலேயே சம்பளத்துக்கு இருக்கும் வக்கீல். கூட்டம் தொடங்கும்போது ‘எ ஃப்யூ ஹவுஸ்கீப்பிங் அனவுன்ஸ்மென்ட்ஸ்’ என்கிறார்களே, அதற்கும் துப்புரவுக்கும் சம்பந்தமில்லை: கழிப்பறை எந்தப் பக்கம், அவசர வழி எது, போனை சைலன்ட்டில் போடுங்கள், மதிய உணவு எத்தனை மணிக்கு என்பவைதான் அவை. உடனுக்குடன் வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர் ‘ஏற்பாடுகள் பற்றிச் சில தகவல்கள்’ என்று சொல்லிவிட்டு நகரலாம்.

நிஜமாகவே வீட்டைக் குறிப்பவையும் உண்டு. அங்கே வேறு விதமாகச் சறுக்கும். ‘தே காட் ஆன் லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்’ என்பதைப் பார்த்ததும், தீ என்று இருக்கிறதே, சண்டை மூண்டது போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பொருள் அதற்கு எதிர்த்திசை: அறிமுகமான வேகத்திலேயே நெருக்கமாகிவிட்டார்கள். ‘நகமும் சதையும் போல’ என்று போடவும் வேண்டாம். அது காலங்காலமாகத் தொடரும் நெருக்கம். இந்தத் தொடரின் உயிர் தீ பற்றும் வேகத்தில் இருக்கிறது. ‘பார்த்ததுமே ஒட்டிக்கொண்டார்கள்’ என்பது பக்கத்தில் வரும்.

‘சேஃப் ஆஸ் ஹவுசஸ்’ பிரிட்டிஷ் பேச்சு. பன்மையில் மட்டுமே வரும். ‘ஒரு பயமும் இல்லை, பத்திரம்’ என்பதுதான் பொருள். முதலீட்டு விளம்பரங்களில் இதை ‘உத்தரவாதம்’ என்று மொழிபெயர்ப்பது ஆபத்து. மூலத்தில் இருப்பது பேச்சுவாக்கில் சொன்ன நம்பிக்கை. தமிழில் அது சட்டப்படி கொடுத்த வாக்காகிவிடும்.

‘புட் யுவர் ஹவுஸ் இன் ஆர்டர்’ பைபிளிலிருந்து வந்தது. சாகப்போகிறாய், உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து என்று எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசி சொல்வது. இன்றைய பயன்பாட்டில் சாவும் இல்லை, பெரும்பாலும் வீடும் இல்லை. ஒரு கட்சியையோ வங்கியையோ அரசையோ பார்த்து, ஊருக்கு உபதேசம் செய்யும் முன் உங்கள் உள்விவகாரத்தைச் சரிசெய்யுங்கள் என்று குத்துவதற்கே இது வருகிறது. அந்தக் குத்தல் தமிழிலும் வர வேண்டும்.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்கள் ஒரு தொடரில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்: ஒவ்வொருவர் வீடும் அவருக்கு ‘காசில்’ என்பது. 1604-இல் இங்கிலாந்தில் செமேன் வழக்கு என்று அறியப்படும் வழக்கில் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் பதிவுசெய்த கருத்து இது. ‘காசில்’ என்றவுடன் அரண்மனை என்று எழுதிவிடுகிறார்கள். ‘என் வீடு எனக்கு அரண்மனை’ என்றால் தமிழில் வசதியும் மனநிறைவும் பற்றிய பேச்சாகிவிடுகிறது. கோக் சொன்னது கோட்டை. வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு அதில் முதலில் வருகிறது, ஓய்வு பிறகுதான். அழைக்காமல் யாரும், அரசின் ஆளே ஆனாலும், நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது என்பதுதான் வாதம். அதே வழக்கு ஒரு விதிவிலக்கும் வைக்கிறது: அரசரே ஒரு தரப்பாக இருக்கும் வழக்கில் அதிகாரி கதவை உடைத்து நுழையலாம், ஆனால் வந்த காரணத்தைச் சொல்லி, கதவைத் திறக்கக் கேட்ட பிறகே.

இந்தியாவில் இது வெறும் மேற்கோளாக நின்றுவிடவில்லை. உத்தரப்பிரதேச போலீஸ் கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவதை எதிர்த்து கரக் சிங் தொடுத்த வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவுச் சோதனையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார். அந்தத் தீர்ப்பிலும் செமேன் வழக்கின் கோட்டை வருகிறது. அங்கே போய் அரண்மனை என்று எழுதினால் தீர்ப்பின் தர்க்கமே புரியாது.

கூரைக்கு வருவோம். ‘பிரைசஸ் வென்ட் த்ரூ தி ரூஃப்’ என்றால் விலை தாறுமாறாக ஏறியது. ‘ஹி ஹிட் தி ரூஃப்’ என்றால் ஆள் கொதித்துப்போனார். ‘தே ரெய்ஸ்ட் தி ரூஃப்’ என்றால் கூச்சலும் கொண்டாட்டமுமாக இருந்தது. கூரை ஒன்றுதான், பொருளை மாற்றுவது வினைச்சொல்லும் அதன் துணைச்சொல்லும். ‘சீலிங்’ வந்தால் இன்னொரு கேள்வி. ‘ஹிட் தி சீலிங்’ கோபம்தான். ‘டெட் சீலிங்’ என்றால் அரசின் கடனுக்கு விதித்த உச்சவரம்பு. இந்த இடத்தில் தமிழுக்கு அருமையான ஒரு வசதி இருக்கிறது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்திலிருந்தே ‘சீலிங்’குக்கு ‘உச்சவரம்பு’ நம் அரசாணைகளில் புழங்குகிறது. கடன் கூரை என்று புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை. ‘கிளாஸ் சீலிங்’ மட்டும் விதிவிலக்கு. பெண்கள் மேல்பதவிக்குப் போகவிடாமல் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தடை என்பதில், தெரியாமல் நிற்பதுதான் விஷயமே. அதனால் கண்ணாடி இருந்தாக வேண்டும். ‘கண்ணாடிக் கூரை’ இப்போது பத்திரிகைகளில் ஊன்றிவிட்டது. இருக்கட்டும்.

கதவில் ஒரே ஒரு சொல் வித்தியாசம் போதும், விருந்தாளி வெளியேற்றப்பட்டவர் ஆகிவிடுவார். ‘ஷோ ஹிம் டு தி டோர்’ என்றால் வாசல்வரை கூடப் போய் வழியனுப்பு. நடுவில் அந்த ‘டு’ இல்லாமல் ‘ஷோ ஹிம் தி டோர்’ என்றால் ‘வெளியே போடா’ என்று அனுப்பு. படத்தில் நடிகர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் இரண்டாவது இரண்டாவதுதான்.

ஜன்னலில் ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். வணிகச் செய்தியில் இதற்கு அலங்காரம் என்று பொருளல்ல. நிதியாண்டு முடியும் மார்ச் 31-ஐ ஒட்டிக் கணக்கு மட்டும் நன்றாகத் தெரியும்படி தற்காலிகமாக டெபாசிட்டைக் கூட்டுவது, கடனைக் குறைத்துக் காட்டுவது போன்ற வேலைகள் அதில் வரும். ‘கணக்குக்குப் பூச்சு வேலை’ என்றால் வாசகருக்குப் புரியும்.

‘ஹோம்’ பெயர்ச்சொல்லாக வந்தால் தொல்லை குறைவு. வினையோடு ஒட்டி வரும்போதுதான் கவனம் வேண்டும். ஆணியை அடித்து முழுதாக இறக்கிவிட்டால் ஆங்கிலத்தில் அது ‘ஹோம்’ போய்ச் சேர்ந்துவிட்டது. ‘டிரைவ் தி பாயின்ட் ஹோம்’ என்றால் கேட்பவர் மனதில் உறைக்கும்படி சொல்வது; ‘ஹிட் ஹோம்’ என்றால் சுருக்கென்று தைப்பது. எதிலும் வீடு இல்லை. ‘ஹோம் ட்ரூத்’ என்பதை ‘குடும்ப ரகசியம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ரகசியத்துக்கு நேர் மாறானது அது: முகத்துக்கு நேரே ஒருவரைப் பற்றிச் சொல்லும் கசப்பான உண்மை. ‘நத்திங் டு ரைட் ஹோம் அபவுட்’ நமக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ‘சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை’ என்பது இதற்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது.

நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் சிக்கலும் ஒன்று உண்டு. புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் ‘ஹவுஸ் வார்மிங்’ என்று அச்சடிக்கிறோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ அது குடிபோன பிறகு, வசதிப்பட்ட ஒரு மாலையில் நண்பர்களுக்கு வைக்கும் விருந்து. அதிகாலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் முகூர்த்தம், ஹோமம், பால் காய்ச்சுவது, பிறகு டிபன் என்பது அந்தச் சொல்லில் துளியும் இல்லை. வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பினால் இதையெல்லாம் இரண்டு வரியில் தனியாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு மது பாட்டிலோடு வந்து நிற்பார்.

சந்தேகம் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது? நேர்ப்பொருளை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். உணவகத்தில் வீடு எங்கிருந்து வந்தது என்று உறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து ‘தி’, ‘எ’, பன்மை, துணைச்சொல் ஆகியவற்றை அப்படியே வைத்துத் தேடுங்கள். ‘இன்-ஹவுஸ்’ வேறு, ‘இன் தி ஹவுஸ்’ வேறு. அகராதியில் ‘ஹவுஸ்’ பதிவின் முதல் பொருளோடு நிற்காமல் கடைசியில் இருக்கும் மரபுத்தொடர்ப் பகுதிவரை போங்கள். அங்கே பிரிட்டிஷ், அமெரிக்கன், பேச்சுவழக்கு, பழைய வழக்கு என்று குறி போட்டிருப்பார்கள். பலர் தாண்டிப் போவது அந்தக் குறியைத்தான். மூலம் எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதை அதோடு ஒப்பிட வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு பிரபலமான தொடர்களை இப்போது ஒழுங்காகவே பிடிக்கிறது. வினைக்கும் ‘டவுன்’ போன்ற துணைச்சொல்லுக்கும் நடுவே நாலைந்து சொல் புகுந்துவிட்டால் அதற்கும் தடுமாற்றம் வரலாம். அந்த வாக்கியங்களை மனிதக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

நாட்டுக்கு நாடு மாறுவதில் மிகவும் தொந்தரவானது ‘ஹாஃப்வே ஹவுஸ்’. பிரிட்டனில் அரசியல் கட்டுரையில் வந்தால் அநேகமாக இரண்டுக்கும் நடுவிலான சமரசம். அமெரிக்கச் செய்தியில் வந்தால் சிறையிலிருந்து விடுபடுகிறவர்கள் வெளியுலகுக்குப் பழகும்வரை தங்கும் இடம். இந்தியாவின் 2017 மனநலச் சட்டத்தில் ‘ஹாஃப்வே ஹோம்’ என்றே வருகிறது. மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லாத, ஆனால் தனியாக வாழ இன்னும் கொஞ்சம் துணை தேவைப்படுகிறவர்களுக்கான இல்லம் அது. ‘பாதி வழி வீடு’ என்றோ புதிதாக ஒரு ஒற்றைச் சொல்லைச் செய்தோ இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். முதல்முறை வரும் இடத்தில் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ‘ஹாஃப்வே ஹோம்’ என்றே எழுதுங்கள். நோயாளியின் குடும்பம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இடம் தேட வேண்டியிருக்கும்.