கல் இல்லை, ஆனால் பித்தப்பை வீங்கியிருக்கிறது

"டாக்டரம்மா, கல்லு இல்லேன்னுதானே எழுதியிருக்கு, அப்புறம் எதுக்கு வீக்கம்?" ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டு தாராவி அம்மா ஒருவர் கேட்டார். ஏழு வயதுப் பையன், ஐந்து நாளாகக் காய்ச்சல், முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு கிடந்தான். வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்து "மூச்சை நல்லா இழு கண்ணா" என்றேன். பாதி இழுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டு என் கையைத் தள்ளினான்.

வீட்டில் வாயு என்று நினைத்து இரண்டு நாளாக ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பயந்த முகத்தைப் பார்த்தபின் யாரால் குறை சொல்ல முடியும்?

பெரியவர்களுக்குப் பித்தப்பை வீங்கினால் பெரும்பாலும் கல் போய்க் குழாயை அடைத்திருக்கும். குழந்தைகளுக்கு அப்படி இல்லை, உடம்பில் வேறெங்கோ இருக்கும் நோய்தான் பல நேரம் பித்தப்பையில் வந்து தெரிகிறது. டைபாய்டு கிருமி பித்தத்திலேயே தங்கிக்கொள்ளும், டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பித்தப்பைச் சுவர் ஊறிப்போகும், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, எலிக்காய்ச்சல் இவையும் காரணமாகலாம். மும்பை மழைக்காலத்தில் இவை எல்லாமே எங்கள் கிளினிக் வாசலில் வரிசையாக நிற்கும். தீக்காயம், பெரிய ஆபரேஷன் என்று பல நாள் வாயால் சாப்பிடாமல் ஐசியூவில் கிடக்கும் பிள்ளைகளுக்கும் பித்தம் தேங்கி வீங்கும்.

பித்தப்பைச் சுவர் சாதாரணமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இவனுக்கு 6, சுற்றிலும் கொஞ்சம் நீர். ஆனால் ஸ்கேனுக்கு முன்னால் பிள்ளை சாப்பிட்டிருந்தால் பை சுருங்கி, சுவர் தடித்ததுபோலத் தெரியும், அதனால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று கேட்டுக்கொண்டு போங்கள். இந்த அளவை மட்டும் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை, காய்ச்சலும் வலியும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்றுதான் பார்ப்போம்.

அந்த அம்மா அடுத்துக் கேட்டது, "ஆபரேஷன் பண்ணணுமா?" பெரும்பாலும் வேண்டாம். வீக்கத்துக்குக் காரணமான நோய்க்கு வைத்தியம் செய்தாலே வீக்கம் வடிந்துவிடும். இவனுக்கு ரத்தத்தில் டெங்கு என்று வந்தது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தப்போக்குதான் பெரிய ஆபத்து. ஆஸ்பத்திரியில் அளந்து டிரிப் ஏற்றி, வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தோம். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, தயவுசெய்து மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

ஆனாலும் அரிதாகப் பித்தப்பை அழுகி ஓட்டை விழுவதுண்டு, அப்போது ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. வயிறு பலகைபோல இறுகினாலோ, வலி வயிறு முழுக்கப் பரவினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, கை கால் சில்லிட்டுப் பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய அடுத்த ஓரிரண்டு நாள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய நேரம், சரியாகிவிட்டது என்று ஸ்கூலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் பையன் இட்லி கேட்டான். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் சுவர் 2 மில்லிமீட்டர்.