'என்று'வுக்கு முன்னால் நிற்கும் பொய்

1983 ஜூலையில் புதுதில்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் ஒரு கடிதம் அச்சானது. எழுதியவர் பெயர் இல்லை. 'புகழ்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி' என்ற அடையாளம் மட்டும் இருந்தது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கியது என்பது அதன் சாரம். 1985 அக்டோபரில் மாஸ்கோவின் 'லிதெரதூர்னயா கஸெத்தா' இதழ் அதையே எழுதியது. ஆதாரமாகக் காட்டியது இந்தியப் பத்திரிகையை. 1987 மார்ச்சில், சோவியத் ராணுவ வெளியீடு ஒன்று இப்படிச் சொல்கிறது என்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியே மாலைச் செய்தியில் வாசித்தது. இதன் பின்னணியில் இருந்தது சோவியத் உளவுத்துறை. பேனாவை எடுத்த கை எங்கும் தெரியவில்லை.

பொய் எந்த வழியாக நுழைந்தது? 'கிருமி ஆய்வகத்தில் உருவானது என்று அந்த இதழ் தெரிவித்துள்ளது.' இந்த வாக்கியத்தின் பயனிலை 'தெரிவித்துள்ளது'. இதழ் தெரிவித்ததா? ஆம். அத்துடன் நிருபரின் கடமை முடிந்துவிடுகிறது. 'என்று'வுக்கு முன்னால் இருப்பது உண்மையா என்று பார்க்க நாள்கணக்கில் உழைக்க வேண்டும். பக்கம் முடிக்கவோ ஒரு மணி நேரம்தான் இருக்கும். மேற்கோள் காட்டுவது நேர்மையான பழக்கம். அந்த நேர்மையைத்தான் பொய் பரப்புவோர் வாகனமாக்குகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வாசகர் மனத்தில் 'என்று தெரிவித்துள்ளது' சீக்கிரமே உதிர்ந்துபோகிறது. கிருமியும் ஆய்வகமும் தங்கிவிடுகின்றன. மறுப்புச் செய்தியும் அதே சொற்களை மறுபடி ஒலிக்கச் செய்கிறது. இரு வார இடைவெளிகளில் திரும்பக் கேட்ட கூற்றுகளை மாணவர்கள் கூடுதலாக நம்பியதை 1977-இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் பதிவு செய்தார்கள்.

'இரு தரப்பையும் கேள்' என்ற பத்திரிகை விதியும் இதற்குத் தப்பவில்லை. புகையிலை நிறுவனங்கள் 1954 முதல் பல்லாண்டுகள் அதைப் பயன்படுத்தி, புகைப்பதன் தீங்கு குறித்து அறிவியல் முடிவுசெய்துவிட்டதை விவாதமாகவே நீட்டித்தன.

2017 மே 5, வெள்ளி இரவு. பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இரண்டே நாள் இருக்கையில், வேட்பாளர் இமானுவேல் மக்ரோன் அணியிடம் திருடிய கோப்புகள் இணையத்தில் கொட்டப்பட்டன. நள்ளிரவுக்குமேல் பிரச்சாரத் தடை. அவர் தரப்பு பதில் பேச முடியாது. அசல் ஆவணங்களோடு போலிகளும் கலந்திருக்கின்றன என்று கடைசி நிமிடங்களில் அறிக்கை விட்டார்கள். 'ல மோந்த்' நாளிதழ் கசிவு நடந்ததைச் செய்தியாக்கியது. உள்ளே இருந்ததை வாக்குப்பதிவு முடியும்வரை வெளியிட மறுத்தது. தேர்தலைக் குலைக்கவே இந்த நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் அது வாசகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னது.