கடலில் கிடந்த விமானத்துக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

"ஹேர்மிஸ் கப்பலோடு போன விமானங்களைத் தூக்கி, பெயின்ட் அடித்து நூதனசாலையில் வைத்தால் என்ன?" என்று கல்லடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல ஆசைதான். ஆனால் 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியர் குண்டு போட்டு அதை மூழ்கடித்தபோது, அந்த விமானந்தாங்கிக் கப்பலில் விமானங்களே இருக்கவில்லை. இருந்திருந்தாலும் பெயின்ட் வாளியைத் தூக்குமுன் கொஞ்சம் இரசாயனம் பேச வேண்டும்.

அக்கால விமானங்களின் உடல் பெரும்பாலும் துரலுமின். அலுமினியத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் செம்பு. அலுமினியத்தை ஒட்சைட்டுப் படலம் காக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். செம்பு திரண்ட இடங்களில் அந்தப் படலம் பலவீனம். உப்பிலுள்ள குளோரைட்டு அங்கேதான் துளை போடும்.

அப்புறம் நடப்பதுதான் அழகு. துளைக்குள் கரையும் அலுமினிய அயன் நீரோடு தாக்கமுற்று ஐதரசன் அயனை விடுகிறது. உள்ளே நேரேற்றம் கூட, வெளியிலிருந்து இன்னும் குளோரைட்டு இழுபட்டு வரும். இரண்டும் சேர்ந்தால் ஐதரோகுளோரிக் அமிலம்! குழி தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. அந்த அமிலத்தில் புதுப் படலம் உருவாக வழியில்லை. உலோகம் மேலும் கரையும், அமிலம் மேலும் கூடும். வாயை ஒரு வெள்ளைத் தூள் மூடிக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. கடற்கரை வீட்டு அலுமினிய யன்னலில் பூக்கும் வெள்ளைப் பொருக்கை ஊசியால் சுரண்டினால் அடியில் அந்தக் குழி இருக்கும்.

இதன் மேல் பெயின்ட் அடித்தால் அமிலத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். சும்மா காயவிட்டாலும் ஆபத்து: உப்பு செறியும், ஒட்சிசன் தாராளம். அதனால்தான் 1940இல் இங்கிலாந்துக் கரையோரம் விழுந்து, 2013இல் தூக்கப்பட்ட ஜெர்மன் டோர்னியர் 17 விமானத்தைக் கூடாரத்துக்குள் வைத்து, சிற்றிக் அமிலக் கரைசலை விசிறிக்கொண்டே இருந்தார்கள். அமிலத்துக்கு அமிலமா? ஆம். அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் அளவு 4க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் ஒட்சைட்டுப் படலம் கரையாது. மென்மையான கரைசல் கடற்பொருக்கை இளக்கும், குளோரைட்டும் வெளியேறும்.

நன்னீரில் கதை வேறு. நோர்வே ஏரியொன்றிலிருந்து 1973இல் எடுத்த ஹாலிஃபக்ஸ் குண்டுவீச்சு விமானம், பெரும்பாலும் எடுத்த கோலத்திலேயே லண்டனில் நிற்கிறது.

என்னைக் கேட்டால், ஒரே வகையில் பத்துப் பன்னிரண்டு மிஞ்சியிருந்தால் ஒன்றைப் புதுத் தகடு போட்டுப் பறக்கவிடுங்கள், பார்க்க எனக்கும் ஆசை. டோர்னியர் 17 மாதிரி ஓரளவு முழுசாக ஒன்றே ஒன்று கிடைத்தால், பழைய பெயின்டையும் குண்டுத் துளையையும் தொடக் கூடாது. சுரண்டிய பெயின்ட் திரும்பி வராது.

இந்த அரிப்பை அளக்க இங்கே பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கல்லடியிலும் பாசிக்குடாவிலும் உள்ளே அம்பாறை நகரிலும் ஒரே மாதிரி அலுமினியத் துண்டுகளைத் தொங்கவிட்டு, ஒரு வருடம் கழித்து நிறுத்துப் பார்க்கலாம். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு அதற்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால், அலுமினியப் பாகங்களுள்ள படகு இயந்திரம் வைத்திருக்கும் நம் மீனவர்களுக்கும் அந்தக் கணக்கு உதவும்.