ஜிம்மில் சேர்ந்ததும் எடை ஏறுவது ஏன்?

எடையைக் குறைக்க ஜிம்மில் சேர்ந்தவர்களில் பலர் இரண்டாவது வாரத்திலேயே எடை மெஷினோடு சண்டைக்கு நிற்பார்கள். ட்ரெட்மில்லில் வியர்க்க வியர்க்க நடந்தும் முள் அசைந்திருக்காது. சிலருக்கு ஒரு கிலோ ஏறியே இருக்கும்.

ஏறியதில் பெரும்பங்கு தண்ணீர். பழக்கமில்லாத தசைக்குத் திடீரென்று வேலை கொடுத்தால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகும். ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போதும் டம்பெல்லை மெதுவாகத் தாழ்த்தும்போதும், அதாவது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது, இது அதிகம். அதைச் சரிசெய்யும் வேலை தொடங்கியதும் அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படி இறங்க முடியாமல் தொடை வலிப்பதும் இதே வேலையின் பகுதிதான். 'லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது' என்று இன்னமும் சொல்கிறார்கள். பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்தில் லாக்டேட் (அந்த ஆசிட் உடலில் இருக்கும் வடிவம்) பழைய அளவுக்கு வந்துவிடும். பாவம், அதன் மேல் வீண்பழி.

இன்னொரு காரணம் கிளைக்கோஜன். மாவுச்சத்தைத் தசை இந்த வடிவத்தில்தான் சேமிக்கிறது. உழைக்கத் தொடங்கிய தசை கூடுதலாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். 100 கிராம் கிளைக்கோஜன் கூடினால் மெஷினில் 400 கிராம் ஏறும். சோற்றை அடியோடு நிறுத்தியவர்களுக்கு முதல் வாரத்தில் மளமளவென்று எடை இறங்குவதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். அதில் கொழுப்பு கொஞ்சம்தான்.

சரி, கொழுப்பு எந்த வழியாக வெளியேறுகிறது? பெரும்பகுதி மூச்சில். 2014-இல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ தண்ணீராகவும் மாறுகிறது. அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் தலைதான் சுற்றும். முதலில் கொழுப்பு எரிய வேண்டும். ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடி இறக்கும் எடையோ வெறும் வியர்வை. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் ஒரு கிலோ திரும்பிவிடும். நம் ஊர் வெயிலில் அது ஆபத்தும்கூட.

உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் 150 கலோரி போகும். சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் இருந்தால் ஐம்பது நடைக்கு ஒரு கிலோ. வரும் வழியில் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே போனால் அன்றைய கணக்கு நேராகிவிடும்.

அப்படியானால் எதற்கு ஜிம் என்று கேட்கலாம். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். வெயிட் தூக்கினால் அந்த இழப்பு பெருமளவு குறையும். தசை கூடினால் தூங்கும்போதும் கலோரி எரியும் என்று சில ட்ரெய்னர்கள் அளப்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்: ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசைக்கு ஒரு நாளைக்கு 13 கலோரி போதும்.

மெஷினில் ஏறத்தான் வேண்டும் என்றால் காலையில், கழிவறை போய்வந்த பிறகு, வெறும் வயிற்றோடு ஏறுங்கள். முந்தைய இரவு ஊறுகாயோ பிரியாணியோ சாப்பிட்டிருந்தால் உப்பு பிடித்துவைத்த நீரும் சேர்ந்து நிற்கும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் அப்படித்தான். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பாருங்கள். கூடவே தையல்காரர் டேப்பால் இடுப்பையும் அளந்து வையுங்கள். முதல் மாதத்தில் அந்த அளவு பெரும்பாலும் மெஷினைவிட நம்பகமானது.