புயலுக்கு முன் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் கடற்கரை ஊர்களில் எல்லா வீட்டிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மெழுகுவத்தி, பால் பாக்கெட், போனுக்கு சார்ஜ், இன்வெர்ட்டருக்குத் தண்ணீர். எல்லாம் சரி. மாடிக்கு ஏறிப் பார்ப்பவர்தான் குறைவு. கட்டடப் பொறியாளராக நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் புயல் ஓய்ந்த பின் வீடுகளைப் பார்த்து வருகிறேன். ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் வீடு பெரும்பாலும் காற்றுக்கு அசையாது. வெயிலுக்காகவும் துணி காயப்போடவும் அதன் தலையில் போட்ட ஷீட் கொட்டகைதான் பறக்கிறது. அதுவும் நம் வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரிலோ மின்கம்பியிலோ போய் விழுகிறது.

காற்று கூரையைத் தள்ளிச் சாய்க்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. கூரைக்கு மேல் வேகமாகப் பாயும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. பக்கம் திறந்த கொட்டகை என்றால் உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்தும் தூக்குகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமம். கூரையின் வடிவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோவுக்குள்தான். பத்துக்கு இருபது அடிக் கொட்டகையின் ஷீட்டெல்லாம் சேர்ந்து நூறு கிலோகூடத் தேறாது. அதைத் தூக்கும் விசை எண்ணூறு கிலோவைத் தாண்டும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 சென்னைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கு 39 மீட்டர்தான். மதுரையில் உறவினர் வீட்டில் பார்த்த கொட்டகையை அப்படியே கடற்கரையில் போடச் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிப்பதில்லை.

சரி, எங்கே விடுகிறது? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்த பின் பார்த்த ஒரு மாடி. ஷீட் கிழியவில்லை, வெல்டிங் விடவில்லை, போல்ட்டும் முறியவில்லை. நான்கு கால்களின் அடித்தகடுகளும் தட்டோட்டுத் துண்டுகளோடு அப்படியே பெயர்ந்து கிடந்தன. காரணம் எளிது. நம் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது வழக்கம். அடித்த போல்ட் மூன்று அங்குலம். கான்கிரீட்டை அது தொடவே இல்லை. “போல்ட் போட்டுத்தானே சார் கொடுத்தோம்” என்றார் பட்டறைக்காரர். போட்டது உண்மைதான்.

ஆகவே கால் நிறுத்தும் இடத்தில் தட்டோட்டையும் சுருக்கியையும் வெட்டியெடுத்து, கான்கிரீட்டிலேயே, முடிந்தால் கீழே பீமோ தூணோ வரும் இடமாகப் பார்த்து, பொறியாளர் சொல்லும் ஆழத்துக்கு ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். பிறகு தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் பூசிவிட வேண்டும். ஷீட்டின் கனத்தைக் கூட்டச் செலவழிக்கிற காசை இதில் போடுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூ. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் உறிஞ்சல் மிக அதிகம். அங்கே ஷீட்டின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்க்ரூ வேண்டும். நடுவில் ஒன்று விட்டு ஒன்று போதும். உப்புக் காற்று இதில் செய்யும் வேலை வெளியே தெரியாது. தலை நன்றாகவே இருக்கும்; ஸ்பானரால் லேசாகத் திருகினால் கழுத்து முறிந்து கையோடு வரும். ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் உள்ளே துரு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையை ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி பிறந்த பின் ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் மழை விடாது.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு டன். காலியாக இருந்தால் உருண்டு ஓடும்.

கீற்று வீடுகளில் மீனவர்கள் பழைய வலையைக் கூரைமேல் விரித்து, கயிற்றால் இறுக்கித் தரையில் முளையடித்துக் கட்டுவார்கள். பொறியியல் கணக்குப்படியும் அது சரியான வேலை, இழுவை நேராகத் தரைக்குப் போகிறது. ஆனாலும் பெரிய புயலில் அந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. முகாமுக்குப் போகச் சொன்னால் போய்விடுங்கள்.

ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், ஷீட் கூரை வீட்டில் இருப்பவர்களுக்குக் கதவு ஜன்னல்தான் முக்கியம். ‘ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வழி பார்த்துப் போய்விடும்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறு. காற்றடிக்கும் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தாலே வீட்டுக்குள் அழுத்தம் ஏறிக் கூரையைக் கீழிருந்து முட்டும். மேலே உறிஞ்சல், கீழே முட்டல், இரண்டும் சேர்ந்தால் கூரை தாங்காது. எல்லாவற்றையும் தாழிட்டு, பலமில்லாத கதவுக்குக் குறுக்கே கட்டை கொடுங்கள்.

புயலின் கண் ஊருக்கு மேலே வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கடந்தபோது சென்னையில் பலர் இதைக் கண்ணால் பார்த்தார்கள். அந்த நேரத்தில் மாடிக்குப் போய் ஷீட்டைச் சரிசெய்யப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. நம் கரையில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். அதுவரை மறைவாக இருந்த பக்கம் இப்போது நேரே வாங்கும்.

புயலுக்குப் பின் பறந்துபோன கூரையை எல்லோரும் கவனிப்பார்கள். பறக்காமல் நின்றதையும் பாருங்கள். 1974 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் அழித்தபோது கிடைத்த பாடம் இது. மணிக்கணக்கில் ஏறி இறங்கும் காற்றில் ஷீட் அதிர்ந்து அதிர்ந்து, ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விட்டு, கடைசியில் தலையைத் தாண்டிக் கழன்று வந்திருந்தது. எனவே மின்கம்பி எதுவும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காய்ந்த பிறகு ஏணி வைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பாருங்கள். ஓட்டை கொஞ்சம் அகன்றிருந்தால் பருமனான ஸ்க்ரூவும் அகன்ற வாஷரும் போடலாம். தலைமுடி அளவு விரிசல் தெரிந்தால் ஷீட்டையே மாற்றுங்கள். அடுத்த புயல் அதே பருவத்திலேயே வரலாம்.