பளபளக்கும் குழாயில் டெம்பரேச்சர் கன்னை நம்பாதீர்கள்

இந்த ஆண்டில் வெந்துபோன மூன்றாவது கை இது. கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆலை. புதிதாகப் போட்ட எவர்சில்வர் நீராவிக் குழாய். தொடாமலே சூடு காட்டும் டெம்பரேச்சர் கன்னைக் காட்டிப் பார்த்தால் 65 டிகிரி. துணிக் கையுறை போட்டிருக்கிறோமே என்று அந்தத் தம்பி குழாயைப் பிடித்துவிட்டார். கையுறையைக் கழற்றும்போது உள்ளங்கைத் தோலும் சேர்ந்து வந்தது. "65 தானே காட்டியது, அண்ணாச்சி?" என்று கட்டுப்போட்ட கையோடு கேட்கிறார்.

குழாய் ஆறியபின் சூடு தாங்கும் கறுப்பு சைலன்சர் பெயின்ட்டை உள்ளங்கை அகலத்துக்குத் தடவிக் காயவைத்தேன். மறுநாள் நீராவி ஏற்றினோம். கறுப்பில் 172. நான்கு விரல் தள்ளிப் பளபளப்பில் அதே 65.

கன்னின் சிவப்புப் புள்ளி சூட்டை அளப்பதில்லை. அது குறி பார்க்க மட்டுமே. இதை எத்தனை முறைதான் சொல்வது! கன் அளப்பது பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை. அதுவும் புள்ளி விழும் இடத்தில் மட்டுமல்ல. 12:1 கன்னோடு (தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அகலத்தைப் பார்க்கும் கன்) 12 அடி தள்ளி நின்றால் ஓரடி அகல வட்டத்தின் சராசரிதான் கிடைக்கும். மெருகேறிய எவர்சில்வர், கறுப்புப் பரப்பு விடும் கதிரில் ஆறில் ஒரு பங்கைக்கூட விடுவதில்லை. மாறாக, கூரையின் கதிரை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. ஆகவே அந்த 65, கொஞ்சம் குழாய், மீதி கொட்டகைக் கூரை. கொரோனா காலத்தில் நெற்றியில் சரியாகக் காட்டியதே என்கிறார்கள். தோல் நன்றாகக் கதிர் விடும், எவர்சில்வர் விடாது.

பளபளப்பு ஏமாற்ற முடியாத முறை ஒன்று உண்டு: ஒளிரும் பூச்சு. குரோமியமோ டிஸ்ப்ரோசியமோ துளி கலந்த பீங்கான் பூச்சின்மேல் புற ஊதா ஒளியைக் கண நேரம் பாய்ச்சினால், அது ஒளிர்ந்து மங்கும். சூடு ஏற ஏறச் சீக்கிரம் மங்கும். அந்த நேரத்தைத்தான் அளக்கிறார்கள். எவ்வளவு ஒளி வந்தது என்பது கணக்கிலேயே இல்லை. டிஸ்ப்ரோசியம் கலந்த பூச்சு 1,400 டிகிரிக்கு மேலும் தாங்கும். அளவுக் கருவிக்குக் கம்பி இழுக்க முடியாத, சுழலும் டர்பைன் இறகுகளுக்கு ஏற்ற முறை. வெப்பம் அளப்பவனுக்கு இதைவிட அழகான வேலை கிடையாது.

நம் ஆலைகளுக்குக் கறுப்புப் பட்டையே போதும். குழாய் ஆறியிருக்கும்போது அடியுங்கள், பக்கத்தில் நின்று அளங்கள். தெர்மோகப்பிள் (இருவகை உலோகக் கம்பிகளை இணைத்துச் சூடு அளக்கும் கருவி) வைத்தால் அதற்குரிய ஒயரையே நீட்டுங்கள். வீட்டுச் செம்புக் கம்பியை முறுக்கிவிட்டு என்னைக் கூப்பிடாதீர்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தயவுசெய்து அழுத்தமானியைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். முள் (சதுர சென்டிமீட்டருக்கு) 8 கிலோவில் நின்றால், உள்ளே நீராவி 175 டிகிரி.