ஆளும் படகும் அக்கரையில்: தினப்படி 500, படகுக்கு 8 லட்சம் வாங்கும் வழி

இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன மீனவரின் குடும்பத்துக்குத் தமிழக அரசு நாளொன்றுக்கு 500 ரூபாய் தருகிறது. அவர் அங்கே சிறையில் இருக்கும் நாள்களைக் கணக்கிட்டு இந்தப் பணம் வரும். மீட்க வழியில்லாமல் அக்கரையிலேயே நின்றுபோன விசைப்படகுக்கு 8 லட்சம், நாட்டுப்படகுக்கு 2 லட்சம். தினப்படி ஒரு காலத்தில் 250 ரூபாய்தான். பிறகு 350 ஆனது. விசைப்படகுக்கு முதலில் 5 லட்சம், அப்புறம் 6 லட்சம். ராமேசுவரம், தங்கச்சிமடம் மக்கள் 2025 தொடக்கத்தில் தொழிலை நிறுத்திவிட்டுப் போராடிய பிறகுதான் இப்போதைய தொகை வந்தது.

பணம் ஒதுக்கப்பட்டும் வீடு வந்து சேராததற்கு முக்கால்வாசிக் காரணம் தாள்தான். பெயர் ஒத்துப்போகாது, படகின் பதிவுப் புத்தகமான ஆர்.சி. புக் வேறொருவர் பெயரில் கிடக்கும், கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் டோக்கன் இல்லாமல் படகு போயிருக்கும். அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லுமுன் அக்கரை அரசியலைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. "புது அரசாங்கம் வந்திருக்கு, சும்மா விட்டுடுவாங்க" என்று நம்பி முதல் இரண்டு வாரத்தை வீணாக்கிய குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு.

ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை

2024 இலங்கைக்குப் பெரிய ஆண்டு. செப்டம்பர் 21-ல் ஜனாதிபதித் தேர்தல். யாருக்கும் பாதி வாக்குக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக, வாக்காளர் இரண்டாவதாகக் குறித்த விருப்பு வாக்கையும் எண்ணித்தான் அநுர குமார திசாநாயக்க வென்றார். 23-ஆம் தேதி பதவியேற்றார். மறுநாள் ஹரிணி அமரசூரிய பிரதமரானார். அன்றைக்கே நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டது. நவம்பர் 14 பொதுத்தேர்தலில் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு 225-ல் 159 இடம். யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட ஆறில் மூன்று அவர்களுக்கே. பல காலம் கடற்றொழில் அமைச்சராக இருந்த டக்ளஸ் தேவானந்தா இடத்துக்கு இராமலிங்கம் சந்திரசேகர் வந்தார்.

இத்தனை மாறியும் பிடிப்பது நிற்கவில்லை. அந்த ஒரே ஆண்டில் பிடிபட்ட இந்திய மீனவர் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. அந்த டிசம்பரில் டெல்லி வந்த அநுர, மனிதாபிமானத்தோடு பேசித் தீர்ப்போம் என்றார். இழுவைமடி, அதாவது கடலடியை வாரியிழுக்கும் வலை, கடலை அழிக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். யாழ்ப்பாணம், மன்னார் மீனவரும் தமிழர்தான். நம் இழுவைமடியில் அவர்கள் வலை அறுந்து போவது அவர்களுக்குப் பெரிய மனக்குறை, அவர்கள் கையில் வாக்கும் இருக்கிறது. கொழும்பில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பது லேசில்லை. இதை நம் கரையில் வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு.

பிடிபட்டவர் மேல் வழக்குப் போடும் சட்டங்கள் இரண்டும் பழைய ஆட்சிகளில் வந்தவை. ஒன்று, வெளிநாட்டுப் படகுகளை ஒழுங்குபடுத்தும் 1979-ஆம் ஆண்டுச் சட்டம்; 2018-ல் அதைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள், படகின் நீளத்துக்கு ஏற்பத் தொகையும் கூடும். மற்றது, இழுவைமடியையே குற்றமாக்கிய 2017-ஆம் ஆண்டுத் திருத்தம். 2024 செப்டம்பரில், தேர்தல் பரபரப்புக்கு நடுவே, புத்தளம் நீதிமன்றம் தூத்துக்குடிப் பக்கத்து மீனவருக்குத் தலைக்கு மூன்றரைக் கோடி அபராதம் போட்டது இந்தச் சட்டங்களை வைத்துத்தான். அது இலங்கை ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய்போல வரும். அப்படிப் பார்த்தாலும் ஒரு கோடியை ஒட்டிவிடுகிறது. தினப்படி வீட்டுச் செலவுக்கான பணம். அதை அபராதத்துக்கு எடுத்து வைத்தால் எங்கே எட்டும்?

முதல் நாள்

படகு வராவிட்டால் பிடிபட்டதாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. இன்ஜின் நின்று மிதக்கலாம், மூழ்கியும் இருக்கலாம். கூடப் போன படகுகளிடம் வாக்கிடாக்கியில் கேட்டுத் துப்புக் கிடைக்கவில்லையென்றால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. கட்டணம் கிடையாது. படகு எண், கிளம்பிய நேரம், ஆள் எண்ணிக்கை இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். நம் ராமநாதபுரம் மாவட்டப் படகு எண்ணில் ஐ.என்.டி., டி.என். என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 10 என்று வரும். கடைசி எண்ணை மட்டும் சொன்னால் குழப்பமாகும், முழுசாகச் சொல்ல வேண்டும்.

பிடிபட்டது உறுதியானதும் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கரையில் எல்லோரும் சொல்வது ஏ.டி. ஆபீஸ், ராமேசுவரத்துப் படகென்றால் ராமேசுவரம், மண்டபத்துப் படகென்றால் மண்டபம். அங்கே முதலில் பார்ப்பது அன்றைய டோக்கன் பதிவை. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துப் போகின்றன. அந்தந்த நாளுக்கு டோக்கன் வாங்கித்தான் கிளம்ப வேண்டும். டோக்கனில் ஐந்து பேர் பெயர் இருந்து படகில் ஆறாவது ஆள் ஏறியிருந்தால், அந்த ஆறாவது வீட்டுக்குத்தான் தலைவலி. கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போக, பக்கத்து ஊர்ப் பையனை ஏற்றிக்கொண்டு போவது இங்கே வாடிக்கை. ஒரு நிமிட வேலைதான், பெயரை மாற்றி எழுதிவிட்டுக் கிளம்பினால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

மனுவோடு எடுத்துப் போக வேண்டியவை: பிடிபட்டவரின் ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை, மீனவர் நலவாரிய அட்டையோ கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண்ணோ, குடும்ப அட்டை, மனைவி அல்லது தாயின் வங்கிப் பாஸ்புக். அசல் அட்டைகளைக் கடலுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அவை படகோடு போயிருக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகலும் போனில் ஒரு படமும் இருக்கட்டும். கூலிக்குப் போகிறவர்களில் நலவாரியத்தில் சேராதவர் நிறைய. வாரிய அட்டை இல்லை என்று சும்மா இருந்துவிட வேண்டாம். டோக்கனிலும் இலங்கை நீதிமன்றத் தாளிலும் பெயர் இருப்பதைக் காட்டி மனுவைக் கொடுத்துவிட வேண்டும். தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவுப் போலீசார் வீட்டுக்கு வந்து விவரம் கேட்பார்கள். அது வழக்கமான விசாரணை, பயப்பட ஒன்றுமில்லை.

பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. ஆதாரில் "சூ. அந்தோணி" என்று இருக்கும். அங்கே நீதிமன்றத்தில் தகப்பன் பெயரையும் சேர்த்து "சூசை அந்தோணி" என்று எழுதுவார்கள். ஊரில் கூப்பிடும் பெயர் ராஜா. பதற்றத்தில் கடற்படையிடம் அதையே சொல்லியிருப்பார். ஆக ஒரே ஆள், மூன்று பெயர். யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்திலிருந்து வரும் பட்டியலும் இங்கே கொடுத்த மனுவும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு அப்படியே நின்றுவிடும். ஆதாரில் உள்ள பெயரை, எழுத்து மாறாமல், முதலெழுத்தின் விரிவோடு சொல்ல வேண்டும் என்று கடலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் சொல்லி வைப்பது நல்லது.

அங்கே நடப்பதும் அந்தத் தாளின் தமிழும்

நெடுந்தீவுப் பக்கம் பிடித்தால் பெரும்பாலும் காரைநகர், காங்கேசன்துறை, மயிலிட்டித் துறைகளுக்குக் கொண்டுபோவார்கள். மன்னார்ப் பக்கமென்றால் தலைமன்னார். அங்கே கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்திடம் ஒப்படைத்து, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, மன்னார் நீதிமன்றங்களில் ஒன்றில் நிறுத்துவார்கள். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் தாளை நாமே படித்துக்கொள்ளலாம். ஆனால் சொற்கள் வேறு. 'விளக்கமறியல்' என்றால் ரிமாண்ட். நம் ஊர் 'நீதிமன்றக் காவல்'. இந்தச் சொல்லைப் பார்த்துத் தண்டனை விழுந்துவிட்டது என்று அழுத வீடுகள் உண்டு. 'நீதவான்' என்பவர் மாஜிஸ்திரேட். 'தண்டப்பணம்' அபராதம். 'பிணை' ஜாமீன். 'அரசுடைமை' என்று படகைப் பற்றி வந்தால் அது பறிமுதல். படகுக்காரர் கவனிக்க வேண்டிய சொல் அதுதான்.

விளக்கமறியல் இரண்டு வாரம் இரண்டு வாரமாக நீளும். யாழ்ப்பாணத் துணைத் தூதரக அதிகாரிகள் சிறையில் பார்த்து, உடை, சோப்பு போன்றவை கொடுத்து, வழக்கறிஞருக்கும் ஏற்பாடு செய்வார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் பிடிபட்டால் கொழும்பிலுள்ள தூதரகம். தேர்தல், பொங்கல், பௌத்தர்களின் வெசாக் என்று நீதிமன்ற விடுமுறை குறுக்கிட்டால் தவணை தள்ளிப்போகும். 40 நாள் இருந்தால் தினப்படி 20,000 ரூபாய் என்பது கணக்கு. ஆனால் அது மாதாமாதம் சம்பளம்போல வராது, ஒப்புதல் வந்த பிறகே கணக்கில் ஏறும். அதுவரை கடன்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு வரும் 8,000 ரூபாய் தனிக் கணக்கு, இதில் கழிக்கக் கூடாது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விடுவித்த உடனேயும் வீட்டுக்கு வர முடியாது. பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகம் அவசரப் பயணச் சான்று எழுதித் தர வேண்டும். அதுவரை கொழும்புப் பக்கத்து மிரிகானைத் தடுப்பு முகாமில் வைத்திருப்பார்கள். பிறகு கட்டுநாயக்கவிலிருந்து விமானத்தில் சென்னை, அங்கிருந்து மீன்வளத்துறை வண்டியில் ஊர். தீர்ப்புக்கும் ஊர் திரும்புவதற்கும் நடுவில் ஒரு வாரம், பத்து நாள் ஓடுவது சாதாரணம். கணக்குப் பார்க்கும்போது விடுதலைத் தேதி எது, வந்திறங்கிய தேதி எது என்று இரண்டையும் குறித்து வைத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

படகு

ஆள் வந்துவிடுவார். படகு வருவது வேறு கதை. உரிமையாளர் படகில் இல்லையென்றால், உரிமை கோரி நேரில் வரும்படி நீதிமன்றம் ஒரு தேதி கொடுக்கும். அசல் ஆர்.சி. புக்கோடு, பாஸ்போர்ட், விசா எடுத்துப் போக வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் மறுபடி ஓடுகிறது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அப்போது சென்னை - யாழ்ப்பாணம் விமானம்தான். தவணைக்குப் போகாவிட்டால் படகு அரசுடைமை. உரிமையாளரே படகில் இருந்து பிடிபட்டால் பெரும்பாலும் அப்போதே அரசுடைமை ஆகிவிடும். தானே சுக்கான் பிடித்துத் தொழில் பார்க்கும் சின்ன முதலாளிக்குத்தான் இதில் அடி பலம்.

8 லட்சம், 2 லட்சம் என்பது மீட்க முடியாது என்று முடிவான படகுக்கு. வழக்கு நடக்கும்போதே கேட்டால் காத்திருக்கத்தான் சொல்வார்கள். படகு, இன்ஜின், வலை, எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. பல லட்சம் போட்டுக் கட்டிய படகுக்கு இது ஈடாகாதுதான். முந்தைய சுற்றில் 108 விசைப்படகு, 17 நாட்டுப்படகுக்கு 5.66 கோடி கொடுத்தார்கள்; அப்போது தலைக்கு 5 லட்சமும் ஒன்றரை லட்சமும். பழைய படகுகள் பலவற்றை 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னாரில் இலங்கை அரசு ஏலமும் விட்டது.

நிவாரணம் ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவருக்கே வரும். படகைக் கைமாற்றி, பத்திரத்தில் எழுதி, ஆர்.சி.யை மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுவது இங்கே நிறைய. படகு போன பிறகு, விற்றவர் பெயரில் 8 லட்சம் வரும்போது தொடங்கும் பஞ்சாயத்து சொந்தபந்தத்தையே முறித்துவிடும். நாட்டுப்படகுக்காரர் பலர் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். வல்லமோ வத்தையோ, எந்த நாட்டுப்படகானாலும் பதிவு இல்லையென்றால் 2 லட்சம் கேட்க அடிப்படையே இல்லை.

ஒத்திவைத்த தண்டனை

முதல் தடவை பிடிபட்டவரைப் பெரும்பாலும் சிறைத்தண்டனை விதித்து, அதை ஐந்து ஆண்டுக்கு ஒத்திவைத்து அனுப்புவார்கள். விட்டுவிட்டார்கள் என்று கொண்டாடி மறந்துவிடுகிறோம். அந்த ஐந்து ஆண்டுக்குள் இன்னொரு முறை பிடிபட்டால் அந்தத் தண்டனையை அனுபவித்தே ஆக வேண்டும். 2024 பிப்ரவரியில் இப்படிச் சிலரைச் சிறைக்கு அனுப்பியதால்தான் அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து படகு போகவில்லை. டிரைவருக்குத் தண்டனை கூடுதல். மீன்பிடித் தொழிலாளியோடு அவரை ஒன்றாகப் பார்ப்பதில்லை. தீர்ப்புத் தாளைக் கையோடு வாங்கி வந்து தேதியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் ஒத்திவைத்தது 2029 அக்டோபர் வரை நிற்கும். புது டிரைவரைப் படகில் ஏற்றும்போது அட்வான்ஸ் தொகை பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர் உண்டு, தாளைக் காட்டச் சொல்லுங்கள்.